இடம் மாறிய பெட்டிகள்

அத்தியாயம் 14

போன வாரம் சொர்ணவல்லியையும் அவள் கணவர் ஆனந்தராஜையும் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். ஆனந்தராஜின் கழுத்தில், சட்டைக் காலருக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததுதான் சொர்ணவல்லியைப் பயமுறுத்தியது. ஊசி வைத்துக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு புதன்கிழமை சாயங்காலம் போனுக்கே வந்துவிடும் என்றார்கள்.

இன்று அந்தப் புதன்கிழமை. மாதத்தின் முதல் தேதியும்கூட.

அறந்தாங்கியில் அவர்களுடைய சபையில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு ஆராதனை உண்டு. புது மாதத்தை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்கு ஓடுவார்கள். முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு வசன அட்டையும் ஒரு டம்ளர் காப்பியும் கிடைக்கும். காப்பிக்காகவே வருகிறவர்கள் யார் யார் என்று சொர்ணவல்லிக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், நமக்கு எதற்கு?

கோயில் வாசலில் இரண்டு மரப்பெட்டிகள். இடது பக்கம் விண்ணப்பப் பெட்டி, வலது பக்கம் நன்றி சொல்வதற்கான ஸ்தோத்திரப் பெட்டி. விண்ணப்பச் சீட்டுகளைப் போதகரும் ஜெபக்குழுவில் நான்கு பேரும் உள்ளறையில் வைத்து ஜெபிப்பார்கள். வெளியே மூச்சு விட மாட்டார்கள். ஸ்தோத்திரச் சீட்டுகளை மட்டும் மைக்கில் வாசிப்பார்கள். பெயர் வந்தால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை பாஸானது, யார் வீடு கட்டி முடித்தார்கள் என்பதெல்லாம் சபைக்குத் தெரிய வருவது இப்படித்தான்.

சொர்ணவல்லி நான்கு மணிக்கே எழுந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். ‘என் கணவர் ஆனந்தராஜின் கழுத்துக் கட்டி. பரிசோதனை முடிவு’ என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

என்னவென்று கேட்பது? நல்லபடியாக வரட்டும் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவள் அப்படி ஒரு முறை எழுதியிருக்கிறாள். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பக்கம் பக்கமாக எழுதிக் கேட்டாள். ஒன்பதாவது நாள் குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகும் கோயிலுக்குப் போகிறாள், பாடுகிறாள், வேதம் வாசிக்கிறாள். மழை நிற்க வேண்டும், பஸ் தவறக்கூடாது என்று சின்னச் சின்னதாகக் கேட்பாள். பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. கேட்டு, ஆண்டவர் இல்லையென்று சொல்லிவிட்டால், அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? இவ்வளவு நாள் அந்த உறவைக் காப்பாற்றி வைத்திருப்பதே கேட்காமல் இருப்பதால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பாதி வாக்கியத்தோடு கீழே பெயரை எழுதி, தாளை நான்காக மடித்துக்கொண்டாள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கை தானாக இடது பக்கப் பெட்டிக்குள் அதைப் போட்டுவிட்டது.

இரண்டு பாட்டு, ஒரு வேதபாடம் ஆனது. போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்தோத்திரச் சீட்டுகளை வாசிக்க ஆரம்பித்தார். நான்காவது சீட்டில் சற்றுத் தயங்கியவர், வழக்கமான தொனியில் முடித்து வைத்தார்.

“சகோதரர் ஆனந்தராஜ் அவர்களின் கழுத்துக் கட்டி, பரிசோதனை முடிவு. இதற்காகச் சகோதரி சொர்ணவல்லி குடும்பத்தார் ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறார்கள்.”

“ஸ்தோத்திரம்” என்றது சபை.

சொர்ணவல்லி பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். கட்டி விஷயம் இந்தச் சபையில் யாருக்கும் தெரியாது. ஆனந்தராஜ் வேலை பார்க்கும் பஸ் டெப்போவில் தெரியாது. திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் காவ்யாவுக்கே, பரீட்சை முடியட்டும் என்று சொல்லவில்லை. இப்போது மைக்கில் சொல்லியாகிவிட்டது. அதுவும் நன்றி வேறு.

அவள் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனந்தராஜ் கண்டக்டர் யூனிஃபார்மில்தான் வந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். ஆனந்தராஜ் மெதுவாக எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். அவர் நின்ற பிறகு அவளும் நிற்க வேண்டியதாயிற்று.

வெளியே காப்பி டம்ளரோடு ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்ன ஆனந்து, சொல்லவே இல்ல? ஒண்ணுமில்லன்னு வந்துருச்சாக்கும்?”

“இன்னும் வரலங்க” என்றார் ஆனந்தராஜ். “சாயங்காலந்தான் வரும்.”

“பின்ன எதுக்கு ஸ்தோத்திரம்?”

“அதத்தான் நானும் நின்னுக்கிட்டே யோசிச்சேன்.”

கேட்டவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. காப்பியை ஊதிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

அதற்குள் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. பொன்னம்மாள் டீச்சர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஸ்தோத்திரச் சீட்டு போட்டுவிட்டு, புதுப் புடவை கட்டிக்கொண்டு, எழுந்து நிற்பதற்குத் தயாராக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சீட்டு வாசிக்கப்படவில்லை. நேராக உள்ளறைக்குப் போய்ப் பார்த்தால், ஜெபக்குழு ‘மகன் கல்யாணம்’ என்று மட்டும் எழுதியிருந்த அவருடைய சீட்டைச் சுற்றி முழங்காலில் நின்று, அந்தப் பையனை இந்தக் கல்யாணத்திலிருந்து காப்பாற்றும்படி கண்ணீரோடு மன்றாடிக்கொண்டிருந்தது.

போன வாரம் சுவருக்கு வெள்ளையடித்தபோது பெட்டிகளைக் கழற்றி, திரும்ப மாட்டுகையில் இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் பெயர் இருக்கிறது. புதிதாக வந்த சிலர் அதைப் பார்த்துச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக வருகிறவர்களில் யார் அதைப் படிக்கிறார்கள்?

போதகருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் ஓடி வந்து சொர்ணவல்லியின் சீட்டை அவள் கையில் கொடுத்தார். “மன்னிச்சுக்கங்கம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை ஐயா மைக்குலயே சரிபண்ணிச் சொல்லிருவாக.”

“வேணாங்கய்யா” என்றார் ஆனந்தராஜ். “வாசிச்சது வாசிச்சாச்சு. சொன்ன ஸ்தோத்திரத்தத் திருப்பியா வாங்க முடியும்?”

சொர்ணவல்லி சீட்டைக் கைப்பைக்குள் திணித்தாள். அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கழுத்து அவருடையது. கவலைப்படுவது மட்டும் அவள் வேலையா?

ஏழு மணிக்கு அவருடைய பஸ் கோட்டைப்பட்டினத்துக்குக் கிளம்பியது. அவளும் அதில்தான் தினமும் போவாள். ஆவுடையார்கோவில் தாண்டி மூன்றாவது ஸ்டாப்பில் இருக்கிற துணை சுகாதார நிலையத்தில் அவள்தான் கிராம நர்ஸ். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. காவ்யா.

“அம்மா, அப்பா கழுத்துல என்ன?”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“யூடியூப்ல ஆராதனை பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்கதானே மொதத் தேதி தவறாம பாக்கணும்னு சொல்லுவீங்க.”

காவ்யாவே மேலே பேசினாள். குரல் உயரவில்லை. “நான் கிளம்பி வாரேன். பரீட்சை வெள்ளிக்கிழமைதான். எத்தன மணிக்கு ரிசல்ட்டு?”

“அஞ்சு மணிக்கு மேல. வேணாம்டி, நீ படி.”

“அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பத்து மணிக்கெல்லாம் கிராமத்துத் தாய்மார்கள் குழந்தைகளோடு வந்துவிட்டார்கள். சொர்ணவல்லி ஊசி மருந்துப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தாள்.

செவந்தி என்ற இளம் தாய் ஒன்றரை மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலைச்சன் குழந்தை. பிள்ளையின் தொடையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் சொர்ணவல்லி. செவந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தாள். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது. பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது.

“ராத்திரி காய்ச்சல் வருமாம்மா?”

“வரும்” என்றாள் சொர்ணவல்லி. “ஒரு நா, ரெண்டு நா இருக்கும். இந்த மருந்தக் கொடு. கால் வீங்கினா ஈரத்துணி வையி. எந்நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு, நான் எடுப்பேன்.”

செவந்தி மருந்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “எங்க மாமியா வேணாம்னுச்சு. காய்ச்சல் வந்தா நீதான் முழிச்சிருக்கணும்னு வைஞ்சுச்சு. நீங்க வரும்னே சொல்லிட்டீங்க. அப்ப எனக்குப் பயமில்லம்மா.”

“வரும்னு சொன்னதுக்கா பயமில்ல?”

“வராதுன்னு சொல்லிட்டு, வந்துட்டா, அப்பறம் ஒங்கள நம்பவே மாட்டேனே.”

செவந்தி போய்விட்டாள். அடுத்த குழந்தையின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொர்ணவல்லி கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருஷமாக ஊசி போடுகிறாள். எந்தத் தாயிடமும் காய்ச்சல் வராது என்று அவள் வாக்குக் கொடுத்ததில்லை. போன் எடுப்பேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். எடுத்தும் இருக்கிறாள்.

சாயங்காலம் நான்கரைக்கு ஆனந்தராஜின் பஸ் கோட்டைப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்தது. மீன் கூடைகள் இறங்கிப் பின்பக்கம் காலியாக இருந்தது. அவள் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அவர் டிக்கெட் எல்லாம் போட்டு முடித்து வந்து அமர்ந்தார்.

“சாப்பிட்டியா?”

“ம். நீங்க?”

“கோட்டைப்பட்டினத்துல இன்னைக்கு நண்டுக் கொழம்பு. நீ கோவத்துல இருக்கேன்னு கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.” சீட்டுக்கு அடியிலிருந்த தூக்குச்சட்டியைக் காலால் காட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

“காலையில எந்திரிச்சு நின்னப்ப என்னதான் நெனச்சீங்க?”

ஆனந்தராஜ் விசில் ஊதி ஒரு ஸ்டாப்பில் இருவரை இறக்கிவிட்டு வந்தார். “மொதல்ல ஒம்மேல கோவம் வந்துச்சு. அப்பறம் பாத்தா, அத்தன பேரும் எனக்காக ஸ்தோத்திரங்கறாக. எதுக்குன்னு அவுகளுக்கும் தெரியல. நின்னது நின்னுட்டோம், நாமளா ஒண்ணாச்சும் கண்டுபிடிச்சுச் சொல்லுவோம்னு பாத்தேன். மூத்தவன் ஞாபகந்தான் வந்துச்சு.”

சொர்ணவல்லி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பேச்சை அவர்கள் எடுப்பதே இல்லை.

“அவன் போனதுக்கா ஸ்தோத்திரம் சொன்னீங்க?”

“அதெப்பிடிச் சொல்ல முடியும்? அது இன்னமும் எனக்கு வலிக்குது.” அவர் டிக்கெட் மெஷினைத் துடைத்துக்கொண்டே பேசினார். “அப்ப ஆறு மாசம் நீ என்கூடப் பேசல. ஆண்டவருகூடவும் பேசல. நானும் எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னுதான் நெனச்சேன். ஆனா நம்மள விட்டு யாரும் போகலயே சொர்ணம். கஞ்சி வச்சுக் கொடுக்க ஆளு வந்துச்சு. நீ மறுபடி சிரிச்ச. காவ்யா பொறந்தா. அதுக்குச் சொன்னேன். அவரு நல்லவருதான், அவரு கணக்கு எனக்குப் புரியலங்கறதுக்காக அவர கெட்டவரா ஆக்க முடியாது.”

“ரிசல்ட்டு மோசமா வந்தா?”

“வந்தா பயப்படுவேன்” என்றார். “இப்பவே பயமாத்தான் இருக்கு. ஒனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சியா?”

அவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அந்த ஒரு வார்த்தையில் காலையிலிருந்து இருந்த கோபம் இறங்கிப்போனது. அவள் தன் கையை எடுத்து அவர் கைமேல் வைத்தாள். முன் சீட்டில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐந்து இருபதுக்குக் கைப்பைக்குள் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி நம்பர்தான். இருவரும் அதையே பார்த்தார்கள்.

“ஊரு வரட்டும்” என்றார் ஆனந்தராஜ். “புள்ளையும் நிக்கிறா.”

காவ்யா சொன்னபடியே அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். வந்ததும் அப்பாவின் காலரை விலக்கி, இரண்டு விரலால் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். படிப்பு கைக்கு வந்துவிட்டது என்று அந்த நேரத்திலும் தாய்க்குத் தோன்றியது. பிறகு போனை வாங்கி மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தாள்.

“உறுதியா எதுவும் சொல்லலம்மா. சந்தேகப்படுற மாதிரி சில செல்லு இருக்காம். கட்டிய முழுசா எடுத்துத்தான் பாக்கணும்னு போட்டிருக்கு. செவ்வாக்கிழம ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகச் சொல்லி டாக்டர் எழுதியிருக்காரு.”

“சரி” என்றார் ஆனந்தராஜ். காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் “சரி” என்றார்.

சொர்ணவல்லி போனை வாங்கித் தானும் ஒரு முறை படித்தாள். மகள் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நல்ல முடிவும் இல்லை, கெட்ட முடிவும் இல்லை. இன்னும் ஆறு நாள்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்றாள் காவ்யா.

“நீ பயந்துருவ, பரீட்ச கெட்டுப்போகும்னுதான்.”

“நான் என்ன செய்வேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? இன்னைக்கு வரலியா?” அவள் கண் கலங்கிவிட்டது. “ஒண்ணும் செய்ய முடியலேன்னாலும் கூட இருந்திருப்பேன்ல?”

சொர்ணவல்லிக்குச் சுருக்கென்றது. மகளுக்குச் செய்த அதே காரியத்தைத்தான் இருபத்துமூன்று வருஷமாக இன்னொருவருக்கும் செய்துகொண்டிருக்கிறாள். ஆண்டவர் இல்லையென்பார் என்று இவளே முடிவு கட்டி, கேட்காமலே இருந்துவிட்டாள்.

“வாங்க, கோயில் வரைக்கும் போயிட்டு வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

ஆனந்தராஜ் டெப்போவில் மெஷினையும் பையையும் ஒப்படைத்துவிட்டு வரும்வரை தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். பிறகு மூவருமாக நடந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம். கோயில் கதவு சாத்தியிருந்தது. வாசல் லைட் மட்டும் எரிந்தது. பெட்டிகளை இன்னும் யாரும் இடம் மாற்றி மாட்டவில்லை. உபதேசியார் வேறு வேலையில் இருந்திருப்பார், அல்லது பொன்னம்மாள் டீச்சரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்திருப்பார்.

சொர்ணவல்லி படியில் உட்கார்ந்து கைப்பைக்குள்ளிருந்து காலைச் சீட்டை எடுத்தாள். மடிப்பு கசங்கியிருந்தது. ‘என் கணவர் ஆனந்தராஜின் கழுத்துக் கட்டி. பரிசோதனை முடிவு’ என்று நின்றுபோயிருந்த இடத்துக்கு அடுத்து எழுத ஆரம்பித்தாள்.

‘இன்னும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இவர் எனக்கு வேண்டும். சுகமாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது ஆண்டவரே. நீர் என்ன சொன்னாலும் மறுபடி வந்து உம்மிடம்தான் பேசுவேன்.’

கடைசி வரியை எழுதியபோது கண்ணீர் தாளில் விழுந்து ஓர் எழுத்து கலைந்தது. அவள் அதைத் திருத்தவில்லை.

ஆனந்தராஜ் எட்டிப் பார்க்கவில்லை. தன் சட்டைப் பையில் கிடந்த ஒரு டிக்கெட் துண்டின் பின்பக்கத்தில் அவரும் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா எழுதுறீங்க?” என்றாள் காவ்யா.

“காலையில ஓசியில ஸ்தோத்திரம் வாங்கிட்டேன். இது நானா சொல்றது” என்று மடித்துக்கொண்டார்.

சொர்ணவல்லி எழுந்தாள். பழக்கத்தில் கை இடது பக்கப் பெட்டிக்குத்தான் போனது. பாதியில் நிறுத்தி, வெளிச்சத்துக்குக் குனிந்து, பெட்டியின் மேலிருந்த எழுத்தை ஒரு தடவை படித்தாள். பிறகு வலது பக்கம் வந்து அந்தப் பெட்டியையும் படித்தாள். ‘விண்ணப்பம்’ என்று இருந்தது.

சீட்டை உள்ளே போட்டாள். காலியான பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.